கியர் பாக்ஸும் மூன்று நாள் பயிற்சியும்

இந்த வருடம் எப்படியும் மலைக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன். அதுவும் என் ஜீப்பில். அதுவும் மனைவிக்குத் தெரியாமல். இதில் மலை ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேயே என் லட்சணம் தெரிந்திருக்கும்.

ஜீப்புக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. இருமல் மட்டும் அதிகம். கல்யாணமான புதிதில் அதில்தான் மலை ஏறினோம். மூன்றாவது கியர் போட்டால் நிற்காது. 'டொக்'கென்று நியூட்ரலுக்கு வந்துவிடும். வழி நெடுக அவள் இரண்டு கையாலும் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். மூடுபனி உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. அந்தக் குளிர் இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

அதற்கப்புறம் மகள் பிறந்தாள், பதவி உயர்வு வந்தது, தொப்பை வந்தது. ஒன்பது வருடமாக மலை மட்டும் வரவில்லை. ஆபீஸ் சன்னலில் தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும். மேகமா மலையா என்று பார்த்துக்கொண்டே எத்தனையோ கடிதங்களில் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் போட்டிருக்கிறேன்.

மனைவியிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஜீப்பைப் பார்த்தாலே அவள், "இந்த இரும்பை எப்ப எடைக்குப் போடப் போறீங்க?" என்பாள். அவளிடம் மலை என்றால் என்னையும் சேர்த்துத் தராசில் ஏற்றிவிடுவாள்.

தெருக்கோடிப் பட்டறை மெக்கானிக்கை எல்லோரும் 'கிரீஸ் அண்ணன்' என்பார்கள். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பல்லு பூரா தேஞ்சு போச்சு சார். இனிமே எதையும் பிடிக்காது."

கடைக்குப் போகிற வழியில் எங்களைப் பார்த்து வந்து நின்ற மனைவி கேட்டாள்: "யாருக்கு?"

"கியருக்கும்மா."

"அப்ப ரெண்டு பேருக்கும்."

கிரீஸ் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாக்ஸையே மாத்திடலாம் சார். இதே மாதிரி வண்டி ஒண்ணு உடைக்க வந்திருக்கு. அதுல பாக்ஸ் நல்லா இருக்கு" என்றார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு?" என்றாள் அவள்.

"விக்கத்தான்!" என்றேன் சட்டென்று. "கியர் நின்னாதானே எவனாவது வாங்குவான்?"

"அப்ப மாத்துங்க."

அவ்வளவுதான். இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் நானும் கூட வேலை செய்தேன். பழைய பாக்ஸ் இறங்கி வந்தபோது செத்த எருமை மாதிரி கனத்தது. மாற்று பாக்ஸை ஜாக்கியில் ஏற்றித் தள்ளினோம். விரல்கடை தூரம் பாக்கி. அதற்கு மேல் கிளட்சுக்குள் நுழைய மாட்டேன் என்றது. ஒரு மணி நேரம் முட்டினோம்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"காலைலேர்ந்து என்னத்தக் கழட்டினீங்க?"

"கழட்டறது எப்பவோ ஆச்சு. மாட்டறதுதான் மாட்டேங்குது."

"கியர்ல போட்டுட்டுப் பின்னாடி தண்டைக் கொஞ்சம் திருப்புங்களேன். பல்லு பல்லோட சேரும்."

கிரீஸ் அண்ணன் திருப்பினார். 'சளக்'கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"தையல் மெஷின்ல இப்படித்தான் சக்கரத்தை அசைப்போம்."

நாலு மாதமாக ஞாயிறு மாலை அவள் தையல் வகுப்புக்குப் போகிறாள். இன்னும் ஒரு கைக்குட்டை வீட்டுக்கு வரவில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம் மூன்றாவது வளைவில் வரும் அருவியைத்தான்.

புதன்கிழமை சொன்னேன்: "ஆபீஸ்ல மூணு நாள் ட்ரெய்னிங். வெளியூர்."

"போய்ட்டு வாங்க. பாவம், நல்லா கத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் மனைவி மகளோடு கோயிலுக்கென்று கிளம்பிவிட்டாள். நல்லதாயிற்று என்று நான் பையோடு பட்டறைக்குப் போனேன். ஜீப் இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"அண்ணே, வண்டி?"

"ஆறு மணிக்கே அம்மா எடுத்துட்டுப் போய்ட்டாங்களே சார். பாப்பாவும் கூட. பள்ளிக்கூட லீவாமே."

"யார் ஓட்டினது?"

"அவங்கதான். நாலு மாசமாப் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்ல பழகினாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

நான் போனை எடுத்தேன். எதிர்முனையில் காற்று இரைந்தது. எந்தக் காற்று என்று எனக்குத் தெரியும்.

"எங்கே இருக்கே?"

"அடிவாரத்துல டீ குடிக்கிறோம். உங்க ட்ரெய்னிங் ஆரம்பிச்சிடுச்சா?"

"அது... வந்து..."

"ட்ரெய்னிங்குக்கு ஸ்வெட்டர் எடுத்து வச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுது."

"நீதானே வண்டியை எடைக்குப் போடச் சொன்னே?"

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், 'ஏன், போட்டுட்டா நாம எப்படி மலைக்குப் போறது'ன்னு நீங்க கேப்பீங்கன்னு பார்த்தேன். ஒன்பது வருஷமாப் பார்த்தேன். கடைசியில தனியாப் போகப் பார்த்தீங்க."

எனக்குள் ஏதோ 'டொக்'கென்று நியூட்ரலுக்கு வந்தது.

"நான் பஸ் பிடிச்சு வரட்டுமா?"

"பத்து மணி வரைக்கும் இங்கதான் இருப்போம்" என்று வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆபீஸ் சன்னலில் கோடாகத் தெரிந்தது மெல்ல மெல்ல மரமும் பாறையுமாக வளர்ந்து வானத்தில் பாதியை மறைத்தது. ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் ஒரு பஸ்ஸை நான் திட்டவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இறங்கினேன். ஸ்டீயரிங்கில் மனைவி. பக்கத்தில் மகள். ஓட்டுநர் கதவருகே போய் உரிமையோடு நின்றேன்.

"பின்னாடி ஏறுங்க" என்றாள்.

"ஏத்தமாச்சே, நான்..."

"ஏறுங்கன்னா."

சமையல் சாமான் மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். வண்டி வளைந்து ஏறியது. மூன்றாவது கியர் போட்டாள். நின்றது. யாரும் பிடிக்கத் தேவையில்லாமல் அப்படியே நின்றது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. புது மணப்பெண்ணாக வந்தபோது சிரித்த அதே சிரிப்பு. ஆனால் சாலையைப் பார்த்து. நான் அந்தச் சாலையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். அவள் கியர் மாற்றும்போதெல்லாம் என் இடது கால் தானாக எழுந்து தானாக மிதித்தது.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, கிளட்ச் அங்க இல்ல. அது தக்காளி."