கார்மென் அன்ரியின் மீனைக் காயப்போட்ட கதை

நான் செய்த பெரிய பிழைகள் எல்லாம் யாருக்காவது உதவி செய்யப்போய் நடந்தவைதான். கெட்ட எண்ணத்தோடு இறங்கியிருந்தால் இவ்வளவு நாசம் என்னால் செய்திருக்கவே முடியாது.

எண்பத்தெட்டாம் ஆண்டு சிட்னியில், கார்மென் அன்ரி வீட்டின் பின்னறையில் நானும் மனைவி சாந்தியும் குடியிருந்தோம். அன்ரி ஸ்பெயின்காரர், கணவரை இழந்தவர். சாந்தி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன் (காலை பத்து மணிவரை). மிச்ச நேரத்தில் அன்ரியின் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவேன். அவர் தக்காளியை அழுத்திப் பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று நிபுணர் மாதிரித் தலையாட்டுவேன்.

அந்த மார்ச் மாதக் கடைசியில், ஒரு ஸ்பானியக் கடையில் உப்புப் படிந்த பெரிய மீன் பாளம் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். மணந்து பார்த்தேன். கருவாடு. அந்தக் கடையில் எனக்கு விளங்கிய ஒரே சாமான் அதுதான்.

"பெரிய வெள்ளிக்கு மகன் சாப்பிட வருகிறான்" என்றார் அன்ரி.

மகன் ரஃபாயேல், தகப்பனின் செத்தவீட்டில் தாயோடு கோபித்துக்கொண்டு போனவர். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. கொண்டைக்கடலையும் கீரையும் போட்டு இந்த மீனைச் சமைத்தால் தகப்பன் விரும்பிச் சாப்பிடுவாராம். "அதைக் கண்டால் கொஞ்ச நேரமாவது இருப்பான்" என்று சொல்லிக்கொண்டே அன்ரி மீனை என் கையிலிருந்த பைக்குள் வைத்தார்.

பெரிய வெள்ளி காலை அன்ரி தேவாலயத்துக்குப் போய்விட்டார். சாந்தி வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய சீருடைகளைத் தோய்க்கப் போனவன் திடுக்கிட்டு நின்றேன். மேலே பைப் சொட்டுச் சொட்டாக ஒழுக, கீழே உடுப்புத் தோய்க்கும் பேசினுக்குள் அந்த மீன் ஊறிக் கிடந்தது. இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை எடுத்தால்தான் அதைச் சமைக்கலாம் என்று எனக்கு யார் சொன்னது? ஊரில் எங்கள் வீட்டில் கருவாட்டை நனையவிட்டவனுக்கு அன்று சோறு கிடையாது.

தண்ணீரை வெளியே ஊற்றினேன். மீனைத் துவாயால் ஒற்றினேன். உப்புக் கரைந்துபோயிருந்ததால் குசினியில் இருந்த உப்புப் பைக்கற் முழுவதையும் பூசினேன். பிறகு சீருடைகளுக்கு நடுவில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன். நல்ல வெயில். திருப்தியோடு தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது கூக்கபராப் பறவைகள் இரண்டு பாதி மீனை முடித்திருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் பின்கதவால் அன்ரி வந்தார். மூன்றடி தள்ளி மகன்.

அன்ரி கொடியைப் பார்த்தார். தொப்பென்று படியில் இருந்துவிட்டார்.

"ஈரமாக இருந்தது அன்ரி, காயப்போட்டேன்."

"உப்பும் போட்டீர்களா?" என்று மகன் கேட்டார்.

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

வெறும் பைக்கற்றைக் காட்டினேன்.

அன்ரி ஸ்பானிய மொழியில் என்னை ஏசத் தொடங்கினார். மகன் அதைவிடச் சத்தமாகச் சேர்ந்துகொண்டார். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். ஒரு சொல்லும் விளங்காமல் தலைகுனிந்து நின்றேன். திடீரென்று சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், மகன் தாய்க்குப் பக்கத்தில் படியில் இருந்தார். தாய் அவர் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார்.

கடைகள் பூட்டு. வெறும் கடலையும் கீரையும்தான் சாப்பிட்டோம். மகன் பொழுதுபடும்வரை போகவில்லை.

"உங்களை ஆர் அதைத் தொடச் சொன்னது?" என்று வேலையால் வந்த சாந்தி கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நாளைக்கு நான் கருவாட்டு மணத்தோடையோ வேலைக்குப் போறது?"

பல வருடங்களுக்குப் பிறகு அன்ரி காலமானார். தேவாலயத்தில் நாங்கள் பின்வரிசையில் ஒதுங்கி இருந்தோம். ரஃபாயேல் வந்து என் கையைப் பிடித்துத் தன் பிள்ளைகளிடம் கூட்டிப்போனார். "இவர்தான்" என்றார். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த மூத்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, குடும்பத்தார் இருக்கும் அந்த முன்வரிசையில் எங்கள் இருவருக்கும் இடம் விட்டு நகர்ந்து இருந்தாள்.