சீக்கிரம் திறந்துவிடும் கணினி

"தம்பி, இது ரொம்ப சீக்கிரம் திறந்துடுது."

கணக்கு மேடம் சொன்னதைக் கேட்டு, கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார். மேடத்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது புகார் என்று புரிந்தது.

"சீக்கிரம் திறந்தா நல்லதுதானே மேடம்?"

"என்னத்த நல்லது? வந்து பையை வைக்கிறதுக்குள்ள வா வான்னு கூப்பிடுது. மனுஷி மூச்சு விட வேணாமா?"

தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிரிண்டர் ரிப்பேர் பார்த்து அலைந்தவர் சிஸ்டம்காரர். இந்த மெத்தைக் கம்பெனியில் தற்காலிகமாகத்தான் சேர்ந்திருந்தார். "கணக்கும் டெஸ்பாட்சும் திருப்தின்னு சொன்னா நீங்க நிரந்தரம். இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று முதலாளியம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவியோ, நிரந்தரமே ஆகிவிட்டது என்று தன் அம்மா வீடு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

வேலையில் குறை வைக்கவில்லை மனிதர். கணக்குப் பிரிவிலும், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்சிலும் இருந்த இரண்டு கிழட்டுக் கணினிகளைத் தூக்கிவிட்டு, ஒரு பெரிய சர்வரை வாங்கி வைத்து, அதற்குள்ளேயே இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்தார். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. கணக்குக்குப் பழைய விண்டோஸ், டெஸ்பாட்சுக்கு லினக்ஸ். வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று இரண்டுமே நினைத்துக்கொண்டிருக்கும். யாருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு பிராசசர் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது சிஸ்டம்காரர்.

அந்தப் பழைய விண்டோஸுக்குப் பொருத்தமான டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டதில், முன்பெல்லாம் அரைமணி நேரம் முக்கி முனகித் திறந்த கணக்கு, இப்போது கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. அதற்குத்தான் இந்தப் புகார்.

மேடம் நகர்ந்த சூட்டோடு டெஸ்பாட்ச் சார் வந்தார்.

"கணக்கு மேடத்துது மட்டும் சட்டுனு திறக்குதாமே?"

"ஆமா சார்."

"என்னுது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. அவங்க வேலையை ஆரம்பிச்சிடுவாங்க, நான் மட்டும் தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

பொறாமை, வேறென்ன. சிஸ்டம்காரர் அன்றைக்கே லினக்ஸைப் பிடித்து இழைத்தார். தேவையில்லாததை எல்லாம் நிறுத்தினார், மெமரியைக் கூட்டினார். மறுநாள் காலை இரண்டு கணினிகளும் போட்டி போட்டுக்கொண்டு திறந்தன.

இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள்.

"இப்படிப் படபடன்னு திறந்தா உள்ள ஏதாவது தேஞ்சு போயிடாதா?" என்றார் டெஸ்பாட்ச் சார்.

"எனக்குக் கண்ணு கூசுது" என்றார் மேடம்.

"பழகிடும் மேடம்."

"எதுக்குப் பழகணும்?"

சற்று நேரம் கழித்துப் பார்த்தால், நடைபாதை ஜன்னலோரம் இருவரும் நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டம்காரரைக் கண்டதும் பேச்சு நின்றது. இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று கலைந்து போனார்கள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் டிஸ்க்குக்குச் சுமை, ஒன்றை முதலிலும் மற்றதைப் பிறகும் எழுப்புவதே முறை என்று அவர் படித்திருந்தார். அப்படியே செய்தார். டெஸ்பாட்ச் திறந்து முடித்த பிறகுதான் கணக்கு கண் விழிக்கும். வேகமும் கொஞ்சம் குறையும், கண்ணும் கூசாது.

அன்று டெஸ்பாட்ச் சார் கத்தியது வரவேற்பில் உட்காரும் பெண்ணைத் தாண்டி, மெத்தை தைக்கிற கொட்டகை வரை கேட்டது.

"அவங்களுக்கு நேரம் இருக்கறப்ப எனக்கு வேலை! எனக்கு நேரம் கிடைக்கறப்ப அவங்களுக்கு வேலை! யாருய்யா இந்த யோசனை சொன்னது?"

மேடம் கத்தவில்லை. பையை மேஜையில் தொம்மென்று வைத்தார். சிஸ்டம்காரர் அதற்குத்தான் அதிகம் பயந்தார்.

விஷயம் முதலாளியம்மா காதுக்கும் போய்விட்டது. "நாளைக்குக் காலைல வரேன். ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டே பேசி முடிச்சிடலாம்" என்று போன் வந்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டினார். அவள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம்னு நீங்கதானே சொன்னீங்க? ஒருத்தருக்கு முன்னாடி, ஒருத்தருக்குப் பின்னாடின்னா சண்டை வராம என்ன செய்யும்? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி, ஒரே நேரத்துல, தாராளமா அள்ளிக் குடுங்க."

"குடுத்துடலாங்கற?"

"உங்க அப்பன் வீட்டு மெமரியா? குடுங்க."

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் அள்ளிக் கொடுத்தார். சர்வரின் மெமரியில் முக்கால் பங்கு கணக்குக்கு, முக்கால் பங்கு டெஸ்பாட்சுக்கு. இரண்டு முக்கால் சேர்ந்தால் ஒன்றரை ஆகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். வேலை போகிற பயத்தில் இருக்கிறவருக்குத் தெரியவில்லை. சர்வரும் மறுத்துப் பேசவில்லை. இல்லாத மெமரிக்குப் பதிலாக டிஸ்க்கைச் சுரண்டிச் சுரண்டிக் கொடுக்க ஆரம்பித்தது.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு திரையிலும்.

தப்பு எங்கே என்று அவருக்கு உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. நடுவில் அணைத்தால் கணக்கெல்லாம் கெட்டுப்போகும், விட்டால் வேலை போகும். வாசலில் முதலாளியம்மாவின் கார் வந்து நிற்பது தெரிந்தது. சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். ஜன்னலோரம் மேடமும் சாரும். இன்று கிசுகிசுப்பு மட்டும் இல்லை, மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சாரும் சிரித்தார்.

'அடப்பாவிகளா, என் வேலை போறதுல உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா!' என்று அவர் மனம் வெந்தது.

ஒருவழியாக இரண்டு திரைகளும் ஒன்றாகத் திறந்தன. ஒருமுறை திறந்த பிறகு சர்வரும் மூச்சு வாங்குவதை நிறுத்தி ஒழுங்காக ஓடியது. முதலாளியம்மா மூவரையும் அழைத்தார்.

"சொல்லுங்க, எப்படி இருக்கு?"

சிஸ்டம்காரர் தரையைப் பார்த்தார்.

"இப்பத்தாம்மா சரியா இருக்கு" என்றார் மேடம்.

"தங்கமான மனுஷன்மா" என்றார் டெஸ்பாட்ச் சார். "நாங்கதான் அவசரப்பட்டுட்டோம். இனிமே இதுல எதையும் மாத்த வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."

முதலாளியம்மா சிஸ்டம்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். "அப்ப நீங்க நிரந்தரம். போய் வேலையைப் பாருங்க."

போன உயிர் திரும்பி வந்தது. காரணம் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அந்த நிமிஷம் அவருக்கு ஆசை இல்லை. சர்வர் அறையில் தனியாக நின்று ஒரு பாட்டம் அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"நிரந்தரம் ஆயிடுச்சு!"

"அதைத்தான் நான் அப்பவே எல்லாருக்கும் சொல்லிட்டேனே. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

மனம் லேசானதும் மனசாட்சி விழித்துக்கொண்டது. நிரந்தர ஊழியர் இப்படி அரைகுறையாக விடலாமா? நாளைக் காலைக்குள் பங்கைச் சரியாகப் பிரித்து, இரண்டையும் மின்னல் மாதிரித் திறக்க வைத்துவிடுவது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விசைப்பலகையை இழுத்தார்.

"வேணாம் சார், தொடாதீங்க!" என்று வரவேற்பில் உட்காரும் பெண் ஓடிவந்து அவர் கையைத் தடுத்தாள். "அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி சார், வீட்டுல பெரிய குடும்பம், இருக்கறது ரெண்டே ரூம், அவங்க தனியா நின்னு நாலு வார்த்தை பேசிக்கறதே காலைல இந்தக் கம்ப்யூட்டர் திறக்கற வரைக்கும்தான்!"