வடத்தின் கடைசி ஆள்

களியக்காவிளையிலிருந்து சுசீந்திரம் வரை எந்த ஓட்டலில் கழிப்பறை சுத்தம், எந்தத் துணிக்கடையில் கேட்டால் முகம் சுளிக்காமல் சாவி தருவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கு ஒரு கோளாறு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. தலையணை கனத்துக்கு நாவல்கள் படித்தவள். என் இடுப்புக்குக் கீழே நடப்பதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

இளைய மகன் பிறக்கும்போதே நல்ல கனம். ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு தும்மினால் ஒரு சொட்டு, சிரித்தால் நாலு சொட்டு. நானாகக் கண்டுபிடித்த சிகிச்சை: அடர்நிறச் சேலை உடுத்துவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சிரிக்க வைப்பவர்களைத் தவிர்ப்பது. (கணவரோடு பேசுவதில் இதனால் சிக்கல் எதுவும் வரவில்லை.)

எங்கள் சபையில் அசனப் பண்டிகையன்று, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, பெண்களுக்கு வடம் இழுக்கும் போட்டி உண்டு. ஊரில் பிறந்த மகள்கள் ஒரு பக்கம், வாழ வந்த மருமக்கள் மறுபக்கம். பரிசு, ஏத்தன் வாழைக்குலை. மருமக்கள் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. அந்த வருடம் என்னைக் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். நங்கூரம்போன்ற பதவி; அதற்குத் தகுதி, உடல் எடை. எதிரணித் தலைவி என் நாத்தனார் ஜெஸி. எங்கள் சீருடை வெளிர்நீலச் சேலை. அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விசில் ஊதியதும் மூச்சைப் பிடித்து இழுத்தேன். மகள்களைக் கோடு வரை கொண்டுவந்துவிட்டோம். ஜெஸியின் முகத்தில் பயம் தெரிந்தது. அந்த ஆனந்தத்தில் இன்னும் கொஞ்சம் முக்கினேன். அணை உடைந்தது. கைகள் தாமாக வடத்தை விட்டன, கால்கள் தாமாகப் பின்னிக்கொண்டன. முன்னால் நின்ற மருமக்கள் அத்தனை பேரும் மகள்கள்மேல் போய் விழுந்தார்கள். நான் வேதக்கோயில் கழிப்பறைக்குள் ஓடித் தாழ்போட்டேன்.

அணித்தலைவி ரோஸி கதவை இடித்தாள்.

"ஏட்டி, நாத்தனாருக்குக் குலையத் தூக்கிக் குடுத்திட்டியே! வெளிய வா!"

"வரமாட்டேன். சேலை நனைஞ்சு போச்சு."

"தண்ணி கொட்டிச்சா?"

"தண்ணி இல்ல."

கதவை இடிப்பது நின்றது. பிறகு ரோஸியின் குரல் தாழ்ந்து வந்தது. "எனக்கு மாடிப்படி ஏறினா வரும் பிள்ள."

பின்னாலிருந்து இன்னொருத்தி: "எனக்கு இருமினா."

மூன்றாவது குரல் கதறியது: "ஒங்க பேச்சக் கேட்டுச் சிரிச்சதுல எனக்கு வந்தே போச்சு! சவத்துக் கதவத் திறட்டி!"

அடுத்த வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் கூட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரையும் பரிசோதித்துவிட்டு அவர் விளக்கினார்: மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தில் சேதமாகியிருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பை இறங்கவும் கூடும். தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்புதான் மிச்சம். வாயுவை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, மேலே இழுத்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். கனம் இழுக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட வேண்டும். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

"எங்க வச்சு செய்யது?" என்றாள் ரோஸி.

"உக்காந்த இடத்துலயே செய்யலாம். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாமல் நெடுநேரம் உட்கார எங்களுக்கு வாய்த்தது ஒரே இடம்: ஞாயிறு பிரசங்கம். எங்கள் ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) ஆதாமில் தொடங்கினால், வீட்டில் அடுப்பில் வைத்த ஆட்டிறைச்சி கரியும் வரை முடிக்கமாட்டார். அவருடைய மாற்றலுக்காகச் சபையே ரகசியமாக ஜெபித்துக்கொண்டிருந்தது. மருமக்கள் வரிசை மட்டும் இறுக்கும்போது கண்மூடி, தளர்த்தும்போது பெருமூச்சு விட்டது. ஐயர் எங்களைப் பார்த்துப் பார்த்து உருகினார்.

அடுத்த அசனத்தில் நானே கேட்டு வாங்கிக் கடைசி ஆளானேன். சீருடையும் என் தேர்வு: சந்தன நிறம். விசில். இறுக்கு, மூச்சை விடு, இழு! ஜெஸி தன் செருப்புகளை அந்தப் பக்கமே விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து சேர்ந்தாள். என் சேலையில் ஒரு சொட்டு இல்லை. குலையைத் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வந்தேன். வழியில் வேண்டுமென்றே நின்று இருமியும் காட்டினேன்.

"மைனி, எந்த ஜிம்முக்குப் போறிய?" என்றாள் ஜெஸி, மூச்சு வாங்கியபடி.

வெற்றி தலைக்கேறி, பிரசங்க ரகசியத்தை ஐயரின் மனைவி ஐயரம்மாவிடமே உளறிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவருகிட்ட மட்டும் சொல்லிராத மக்களே. ஒங்க மொகத்தயெல்லாம் பாத்துட்டுத்தான், இந்தச் சபைய விட்டுப் போக மனசு வரல்லன்னு வந்த மாற்றல ரத்து பண்ண வச்சிருக்காரு."