மச்சினன் வீட்டுப் பால்காய்ப்பும் வலது முன்சக்கரமும்

மச்சினன் சமுத்திரத்தின் வாசலை இனி மிதிப்பதில்லை என்று ஐயாதுரை சபதம் எடுத்து ஒரு வருஷமாகிறது. காரணம் சின்னதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சினன் வைத்த காதுகுத்து விருந்தில், வீட்டு மாப்பிள்ளையான அவரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பாயசம் தீர்ந்துபோயிருந்தது. ராஜபாளையத்தில் சொந்தமாக அம்பாசிடர் கார் வைத்திருக்கும் பஞ்சுத் தரகருக்கு மோரோடு முடிந்த விருந்து! அநியாயமா இல்லையா?

மனைவி வெள்ளத்தாய்க்கும் அந்த வருஷம் முழுக்க ஒரு குறை இருந்தது. அது காரைப் பற்றியது.

"வலது முன்சக்கரம் உம்முனு ஊளை போடுது. பேரிங்கப் பாருங்க."

"அது டயர் சத்தம்ட்டி. எங்காரப் பத்தி எனக்கே பாடம் எடுக்காத."

அப்படி இருக்கும்போதுதான் இந்த இடி.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதாவ. கார்லதான் போவணும். பஸ்ல போய் எறங்கி மானங்கெட என்னால ஏலாது. கார் இல்லன்னா நானும் போவல."

"வீடு கட்டிட்டானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கட்டிட்டானா?"

ஐயாதுரைக்கு வயிறு எரிந்தது. போகமாட்டேன் என்றால் வீட்டில் சோறு இறங்காது. போனால் மறுபடியும் கடைசிப் பந்தி. ஆனால் கார் ஓடாவிட்டால்?

ஞாயிறு விடிந்ததும் ஜாக்கி போட்டு வலது முன்சக்கரத்தைக் கழற்றினார்.

"நீ சொன்னது சரிதாந்தாயி. பேரிங்கேதான். இப்படியே ஓட்டினா சக்கரம் மட்டும் முந்திப் போயி மொதப் பந்தியில உக்காந்துக்கிடும்."

"ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா!" வெள்ளத்தாய் கையைப் பிசைந்தாள்.

பேரிங்கை வெளியே எடுத்ததும் அவருக்குத் திக்கென்றது. கிரீஸ் கரிந்து தாராகியிருந்தது. குண்டெல்லாம் குழி விழுந்திருந்தது. பொய்க்குக் கழற்றினால் நிஜமாகவே போயிருந்தது! அதற்கும் சமுத்திரம் மேல்தான் ஆத்திரம் வந்தது. தெரிந்த கடைக்காரரை வீட்டிலிருந்து கிளப்பிப் புது பேரிங் வாங்கி வந்தார். கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்றினார். நட்டை இறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும்படி கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாதபடி ஊசிப் பின்னைச் சொருகினார்.

"இம்புட்டு பாத்துட்டிய. இடது பக்கத்தையும் கழட்டிப் பாத்துருங்களேன்," என்றாள் வெள்ளத்தாய்.

கேட்கவா வேண்டும்! அதையும் கழற்றினால் பாலும் காய்ந்துவிடும், பந்தியும் முடிந்துவிடும். கழற்றினார்.

வெயில் சாய்ந்த பிறகு அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, முடங்கியாறு ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். ஒரு முனகல் இல்லை.

"என்ன சொகமாப் போவுது! ஒரு வருசமாக் கெஞ்சினேன், இன்னைக்குத்தான் கை வச்சிய."

ஐயாதுரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "என்ன செய்ய தாயி? ஒங்க அண்ணன் புது வீட்டப் பாக்கக் குடுத்து வைக்கலியே."

வெள்ளத்தாய் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கினாள்.

"புது வீடா? எங்க அண்ணன் இன்னும் வாடகை வீட்டுலதாங்க இருக்காவ."