பத்திரக்காரரின் விசைப்படகு

மனிதர்களில் பத்திரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பத்திரம் என்றதும் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் ஸ்டாம்புப் பேப்பரோடு நிற்பவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு. இவர் குடை வாங்குவார். மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தொப்பலாக வீடு வந்து சேருவார். செருப்பு வாங்குவார், முள்பாதை வந்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். எந்தப் பொருள் தம்மைக் காப்பாற்ற வந்ததோ அந்தப் பொருளைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்தவர்.

சீர்காழியில் இருந்த பஞ்சநதம் இந்த இனத்தின் குலதிலகம்.

அவருக்கு ஊருக்குக் கிழக்கே ஆற்றுப்பாய்ச்சல் நிலம் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம், குத்தகைத் தகராறு, கூலித் தகராறு என்று தஞ்சாவூர் ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்த காலம். ஒரு தை மாதம் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கையில், அறுப்பாட்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். நெல்லைப் பத்திரப்படுத்துவது தம் கடமை என்று பஞ்சநதம் அறுப்பையே நிறுத்திவைத்தார். காலந்தப்பிப் பெய்த மழையில் அவ்வளவும் வயலிலேயே முளைத்துப் போயிற்று. கூலியென்று ஒரு மணிகூட வெளியே போகவில்லை. அந்த மட்டில் அவருக்குத் திருப்திதான்.

அதன் பிறகு யோசித்தார். நிலத்தை அளக்கிறார்கள், கூறுபோடுகிறார்கள், கொடி நடுகிறார்கள். கடலில் எந்தத் தாசில்தார் வந்து சங்கிலி பிடிப்பார்? வயலில் ஒரு பகுதியை விற்று, பழையாறு துறையில் ஒரு விசைப்படகு வாங்கிவிட்டார். படகை ஓட்ட டிரைவர் செல்லதுரை. எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ரெத்தினம். இருவரும் அலையோடு பிறந்து வளர்ந்தவர்கள். முதலாளியோ வாய்க்காலைத் தாண்டுவதற்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை யோசிப்பவர்.

படகு துறையில் வந்து அணையும்போது பக்கப்பலகை மோதி உடையாமல் இருக்க, விளிம்பில் லாரி டயர்களைத் தொங்கவிடுவார்கள் அல்லவா? பஞ்சநதமும் வாங்கித் தொங்கவிட்டார். வாங்கும்போதே தேய்ந்து மொட்டையான டயர்கள்தாம். ஆனால் அவர் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அவை புதுசு. முதல் தடவை படகு கரையை நெருங்கியபோதே துறையில் நின்று கத்தினார்.

"டயரத் தூக்குங்க! தூக்குங்கப்பா, தேயுது பாரு!"

"பலகை இடிபடக் கூடாதுன்னுதான் மொதலாளி டயரு தொங்குது!" என்றான் செல்லதுரை.

"கும்மோணத்துலேர்ந்து ஏத்திகிட்டு வந்தது செல்லதுரை. இந்த மாதிரி டயரு இப்ப கெடைக்கிறதில்ல. தூக்கு."

தூக்கினார்கள். படகு துறையில் மோதியது. பலகை ஒன்று பிளந்தது. பஞ்சநதம் ஏறிவந்து டயரைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

உயிர்காப்புச் சட்டைகளும் வாங்கினார். ஆரஞ்சு நிறத்தில், நாடா வைத்து, பார்க்கவே லட்சணமாக இருந்தன. கடல் தண்ணீர் பட்டால் சாயம் போய்விடும் என்று வீட்டுப் பீரோவில் அந்துருண்டை போட்டு அடுக்கினார். அவர் மனைவி ஞானாம்பாளுக்கு அது புரியவில்லை.

"கடல்ல விழுறவங்க போட்டுக்குறதுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா வந்து எடுத்துக்கட்டுமே. வீட்டுலதானே இருக்கு?"

ஞானாம்பாள் இன்னும் இரண்டு அந்துருண்டையைப் போட்டுப் பீரோவைச் சாத்தினாள். நீங்கள்தான் வேறென்ன செய்வீர்கள்?

ஆனால் அவருடைய உயிர் இருந்ததெல்லாம் தீயணைப்பு சிலிண்டரில்தான். மீன்துறை அதிகாரி ஒருவர் படகைப் பார்த்துவிட்டு, எஞ்சின் இருக்கிற இடத்தில் இது கட்டாயம் வேண்டும் என்று சொல்லிப்போக, சிவப்பாக, பளபளப்பாக ஒன்று வாங்கிவந்தார். சுற்றிவந்த பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. டிரைவர் அறைச் சுவரில் இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டித் திண்டுக்கல் பூட்டால் பூட்டினார். சாவி அவர் இடுப்புக் கொத்தில். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, உறைக்கு மேலேயே சந்தனம், குங்குமம். அடுத்த படகுக்காரர் அப்துல் மஜீது ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பத்திரமா எங்க வீட்டுப் பொண்ணுங்களக்கூட நாங்க வளக்கலிங்க" என்றார். பஞ்சநதத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

புதியதைப் பிரிக்க மாட்டார் என்றேன். பழையதை எறியவும் மாட்டார். எஞ்சினுக்குப் பக்கத்தில் எண்ணெய் துடைத்த துணி, கிழிந்த வலை, டீசல் அடியில் தங்கிய டப்பா, சாக்கு எல்லாம் குவிந்து கிடந்தன.

ரெத்தினம் கேட்டுப் பார்த்தான். "மொதலாளி, எண்ணெத் துணி பொகைக்கொழா ஓரமா மலையாட்டம் கெடக்குது. கொழா என்னா சூடு சுடும் தெரியுமா? தூக்கிக் கரையில போட்டுடட்டா?"

"கரையில போட்டா எவனாவது எடுத்துகிட்டுப் போயிடுவான். இருக்கட்டும், எதுக்காவது ஆவும்."

ஆயிற்று.

பங்குனி மாதத்து மத்தியானம். கிழக்கே காற்று எழும்பியிருந்தது. படகுகள் ஒன்றோடொன்று கயிறு கட்டி, விலா ஒட்டி, வரிசையாக நின்றன. பஞ்சநதம் வழக்கம்போல் சிலிண்டரைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். கீழே ரெத்தினம் எஞ்சினை ஓடவிட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் தலைமுடி தீய்ந்த மாதிரி ஒரு வாடை. பிறகு கரும்புகை. அதன் பிறகு ரெத்தினத்தின் அலறல்.

செல்லதுரை குனிந்து கையைப் பிடித்து அவனை மேலே இழுத்துப் போட்டான். வலது கை முழங்கைவரை வெந்து தோல் உரிந்திருந்தது. பின்னாலேயே நெருப்பு எட்டிப் பார்த்தது.

"மொதலாளி, சாவி! சாவியக் குடுங்க!"

பஞ்சநதம் கொத்தை எடுத்தார். நெல் குதிர் சாவி, பீரோ சாவி, பம்புசெட்டுக் கொட்டகைச் சாவி, விற்றுவிட்ட களத்துக் கொட்டகையின் சாவி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மனிதர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ரெத்தினத்தின் கையைப் பார்த்து அவருக்குக் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. ஒருவழியாகப் பூட்டைத் திறந்து சிலிண்டரைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பிரிங்க! அந்த உறையக் கிழிங்க!"

அப்போதுதான் கடைக்காரர் சொன்னது அவர் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தடவை அடித்தால் முழுக்கக் காலியாகிவிடும், மறுபடி நிரப்ப வேண்டும்.

"செல்லதுரை," என்றார், "மொதல்ல மண்ணப் போட்டுப் பாருங்களேன். அதுல அணையலன்னா அப்பறம் இதப் பாக்கலாம்."

செல்லதுரை அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அவரைச் சிலிண்டரோடு சேர்த்துத் தூக்கித் துறையில் இறக்கிவிட்டான். அப்துல் மஜீது அரிவாளால் கயிறுகளை வெட்டிப் பக்கத்துப் படகுகளைத் தள்ளிவிட்டார். கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கம்மாளும் மற்றப் பெண்களும் மீனைத் தட்டிவிட்டு, கூடை கூடையாக மணலை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். யாரோ ஒருவன் தண்ணீரை ஊற்றப் போனான். "டேய், டீசலு மெதந்து பரவும்டா, மண்ணப் போடு!" என்று தங்கம்மாள் அவன் வாளியைப் பிடுங்கி எறிந்தாள். கூடை கைமாறிக் கைமாறிப் போயிற்று. எஞ்சின் அறையும் டிரைவர் அறையும் கரிக்கட்டையான பிறகே நெருப்பு அடங்கியது. வரிசை தப்பியது. உயிர்கள் தப்பின.

சிலிண்டரும் தப்பியது.

மறுநாள் பஞ்சநதம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சீர்காழி ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்ட கையோடு ரெத்தினம் படுத்திருந்தான். அவன் மனைவி செவ்வந்தி பழத்தை வாங்கவில்லை.

"அந்தச் செவப்பு உருளைக்கு ஒண்ணும் ஆவலியே மொதலாளி?" என்றாள்.

"இல்லம்மா," என்றார் பஞ்சநதம் உள்ளம் உருகி. "சாமி புண்ணியத்துல ஒரு கீறல்கூட இல்ல."

செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விசாரித்தாளே என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த வாரம் மீன்துறை அதிகாரி விசாரணைக்கு வந்தார். சிலிண்டரை வாங்கி உறையைக் கிழித்தார். பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பிடியை அழுத்தினார். சளி பிடித்த பூனை மாதிரி அது ஒருமுறை தும்மியது. ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான். வருஷக்கணக்கில் கடல் ஈரத்தில் கிடந்து உள்ளே மருந்து கட்டிதட்டிப் போயிருந்தது.

"இத எப்பங்க கடைசியா சோதிச்சீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

பஞ்சநதம் உதிர்ந்த தூளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. செல்லதுரை பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? நல்லவேள, அன்னிக்கு இத ஒங்கிட்ட குடுக்கல. நம்பி மோசம் போயிருப்ப!"

படகைப் பழுதுபார்த்தார்கள். எண்ணெய்த் துணி ஒன்று கீழே கிடந்தாலும் ஏறமாட்டேன், சிலிண்டருக்குப் பூட்டு இருந்தாலும் ஏறமாட்டேன் என்று செல்லதுரை சொல்லிவிட்டான். கை ஆறி வந்த ரெத்தினமும் அதையே சொன்னான். பஞ்சநதம் ஒப்புக்கொண்டார். உறையில்லாமல், பூட்டில்லாமல், உப்புக்காற்றில் புதுச் சிலிண்டர் ஒன்று தொங்குவதைக் காணச் சகியாமல், துறைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

நீங்கள் அந்த மாதிரி ஆள் இல்லை. அது தெரிந்த விஷயம். உங்கள் வீட்டு நாற்காலிக்கு மேலுறை போட்டு, மேலுறை அழுக்காகாமல் துண்டு விரித்திருப்பதெல்லாம் வேறு விஷயம். கண்ணாடி அலமாரியில் இருக்கும் பீங்கான் கோப்பைகளில் இதுவரை ஒரு விருந்தாளிகூடக் காப்பி குடித்ததில்லை என்பதும் வேறு விஷயம். இருட்டில் உதவட்டும் என்று பத்திரமாக எடுத்துவைத்த டார்ச் லைட்டுக்குள் பாட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். போவதற்கு முன், பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முனை மடங்காமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, இந்தப் புத்தகம், இதைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.