பட்டினப்பாக்கம் கடலில் டொய்ங் சார்

என் ரத்தக்கொதிப்பை ஏற்றிவிட்டவர்கள் பலர் உண்டு. தண்ணீர் லாரிக்காரர், கேபிள்காரர், என் மைத்துனர். இவர்கள் எல்லோரையும் தராசில் ஒரு தட்டிலும் டொய்ங் சாரை இன்னொரு தட்டிலும் வைத்தால், டொய்ங் சாரின் தட்டு தரையைத் தொட்டு, அதோடு நிற்காமல் தரையைத் தோண்டவும் ஆரம்பித்துவிடும்.

மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழ்வீடு அவருடையது. ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கினார். நீளமான கம்பு, அடியில் ஒரு தட்டு, கைப்பிடிக்குக் கீழே ஒரு பெட்டி. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் டொய்ங் என்று கத்தும். அந்தச் சத்தம் ஒயர் இல்லாமலே அவர் ஹெட்போனுக்கு வந்து சேரும். தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களாம். அன்றோடு அவருடைய பெயர் போயிற்று.

முதல் டொய்ங் எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே கேட்டது. செம்பருத்திச் செடியோரம் கடப்பாரையைப் போட்டார். கிடைத்தது எங்கள் தண்ணீர்க் குழாய், இரண்டு துண்டாக. தலை நிறைய சோப்போடு நான் பால்கனிக்கு ஓடி வந்தேன்.

"யாரைக் கேட்டு சார் தோண்டுனீங்க?"

"பைப்பு இங்கதான் கீதுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல சார். நாளைக்கு ப்ளம்பர் வந்தா தேட வாணாம்."

இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? அசோசியேஷனில் கத்தி, இனி காம்பவுண்டுக்குள் அந்தச் சனியன் மிஷினை எடுக்கவே கூடாது என்று தடை போட வைத்தேன். அவர் பட்டினப்பாக்கம் கடலுக்குப் போய்விட்டார்.

காலையில் நான் நடக்கப் போகும்போதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். கரையில் மீன் விற்கும் மேரியக்கா கூவும்: "இன்னா நைனா, கடலுக்கு ஜுரமா? தெனம் வந்து பாத்துக்கினு போற." ஹெட்போன் மாட்டிய காதில் அது விழாது. வெளியே வந்ததும் என்னிடம் பெரிய ஆராய்ச்சி முடிவு ஒன்றைச் சொல்வார்.

"ஓரத்துலதான் சார் குப்பை. இடுப்புக்கு மேல போனா கடல் சுத்தமா கீது."

ஓரத்தில் கிடைப்பதெல்லாம் போன வருஷம் கரைத்த பிள்ளையார்களின் உள்கம்பி, ஆணி, பாட்டில் மூடி. அத்தனையையும் கோணியில் கட்டி எங்கள் மாடிப்படிக்கு அடியில் அடுக்குவார். என் ஸ்கூட்டர் டயரில் ஆணி ஏறிய அன்று நான் வெடித்துவிட்டேன்.

"தங்கத்துக்கு ஒரு சத்தம், இரும்புக்கு ஒரு சத்தம்னு நீங்கதானே சொன்னீங்க? இரும்புன்னு தெரிஞ்சா விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"கூப்ட்டா இன்னான்னு போய்க் கேக்கணும் சார். இரும்பு கூப்ட்டா மட்டும் கேக்காத மாதிரி போறதா?"

அதற்குப் பிறகு அவரோடு நான் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆடிப்பெருக்கு வந்து அதைக் கெடுத்தது.

ஆடிப் பதினெட்டு அன்று தாலிக்கயிறு மாற்றி, பழைய கயிற்றைத் தண்ணீரில் விடுவது என் மனைவி அகிலாவின் வழக்கம். முழங்கால் தண்ணீரில் நின்று புதுக் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். பழசைக் கழற்றினாள். அதிலிருந்து தங்கத் தாலியை உருவிப் புதுசில் கோக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் தங்கையிடமிருந்து வீடியோ கால். அவளுக்கு அலையைக் காட்டிக்கொண்டே பழைய கயிற்றைக் கடலில் விட்டாள், தாலியோடு.

நான் அவள் தங்கையைத் திட்டினேன், போனைத் திட்டினேன், கடைசியில் கடலையும் திட்டினேன். புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"நீங்க கட்டினது அதுதான். அது கிடைக்காம ஒரு வாய் சாப்பிட மாட்டேன்" என்று ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அவளுக்குச் சர்க்கரை வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு டொய்ங் சாருக்கு போன் போட்டேன்.

ஆட்டோவிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேதான் இறங்கினார். நேராக இடுப்பளவுக்குப் போனார். வெகுநேரம் துழாவிவிட்டு, "ஒண்ணும் கத்தல சார்" என்றார். எனக்குச் சந்தேகம். ஹெட்போனைப் பிடுங்கி என் காதில் மாட்டினேன். சாவிக்கொத்தைத் தண்ணீருக்குள் தட்டுக்குக் கீழே பிடித்தேன். பெட்டி வெளியே இருந்தால் டொய்ங். அலை பெட்டியை மூடினால் மயான அமைதி. ஒயர் இல்லாமல் வரும் சத்தத்துக்குத் தண்ணீரைத் தாண்டி வர வக்கில்லை.

"யோவ், இத்தனை மாசமா செவிட்டு மிஷினை வெச்சுக்கிட்டா நடுக்கடல்ல நின்னீங்க?"

"நான் கடல்தான் சுத்தமா கீதுன்னு நெனச்சேன் சார்."

ஹெட்போனை அவர் தலையிலேயே திருப்பி மாட்டி, அவரைத் தரதரவென்று முழங்காலளவுக்கு இழுத்து வந்தேன். பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அலை வரும்போது நான் முதுகில் அறைய வேண்டும். அவர் மிஷினைத் தூக்க வேண்டும். சில அறைகள் அலை இல்லாதபோதும் விழுந்தன. மேரியக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. வெயில் ஏறியது. அகிலா எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஹெட்போனையும் மீறி எனக்கே கேட்கிற மாதிரி தடியான ஒரு டொய்ங்.

"இரும்பு சார், விடுங்க" என்று கத்தினேன். "பிள்ளையார் கம்பி. அவ மயங்கி விழுந்துடப் போறா, அடுத்த இடத்தைப் பாருங்க."

அவர் குனிந்துவிட்டார். நான் பெல்ட்டை இழுக்கிறேன், அவர் தோண்டுகிறார். மணலுக்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பி ஒன்று வளைந்து வந்தது. அதைச் சுற்றி மஞ்சள் கயிறு சிக்கியிருந்தது. நுனியில் தாலி.

அகிலா ஓடி வந்தாள். புதுக் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம் என்றேன். அவளுக்குப் பொறுமையில்லை. "அப்படியே கட்டுங்க" என்று தலையைக் குனிந்தாள். ஈரக் கயிற்றைக் கம்பியிலிருந்து விடுவித்து அவள் கழுத்தில் வைத்தேன்.

"இருங்க சார், மேளம் இல்லாம எப்படி" என்றார் டொய்ங் சார். ஹெட்போனைக் கழற்றி, மிஷினின் ஸ்பீக்கரை முழுசாக வைத்து, தட்டைத் தாலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆட்டினார். டொய்ங் டொய்ங் டொய்ங். மூன்றாவது முடிச்சு விழும்வரை நிறுத்தவில்லை. மேரியக்கா மீன் கையாலேயே கும்பிட்டது.

இப்படியா ஊரைக் கூட்டுவது என்று அவரைத் திட்டத்தான் நிமிர்ந்தேன். "சாப்பிட வாங்க சார்" என்றுதான் வந்தது.