பெருங்குட்டைப் போரின் பத்தாவது காரணம்

ஒரு காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. அதில் பதினோராம் வகுப்பில் 'வரலாறு – சிறப்புப் பிரிவு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் தேறினால் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கல்லூரியில் நேராக இடம் கிடைக்கும். அதனால் ஜூன் மாதம் நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஜூலையில் பதினொரு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் தையல் பிரிவுக்கு மாறி நிம்மதியாக இருந்தார்கள்.

பாடம் எடுத்தவர் சுலோச்சனா டீச்சர். அவர் ஒரு மரங்கொத்தி. தப்பான விடையைச் சிவப்பு மையால் சுழிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. அலகால் ஓர் ஓட்டை போட்டுவிடுவார். வாரம் அறுபது பக்கம் படிக்க வேண்டும். மூன்று கட்டுரை எழுத வேண்டும். வரிக்கு வரி சான்று காட்ட வேண்டும். 'அன்று மழை பெய்தது' என்று எழுதினால்கூட, "யார் சொன்னது? எந்தப் பக்கம்?" என்று டொக் டொக்கென்று கேட்பார்.

அந்தப் பதினொரு பேரில் குமுதவல்லி என்ற முள்ளம்பன்றியும் ஒருத்தி. கெட்டிக்காரிதான், ஆனால் மனப்பாடம் வராது. முதல் தேர்வுத் தாளை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனபோது, அம்மா அதில் மாவு சலித்துப் பார்த்தாள். நன்றாகவே சலித்தது.

"ஏண்டி, எம் பொண்ணு சிறப்புப் பிரிவுன்னு காடு பூரா சொல்லி வச்சிருக்கேன். தையலுக்குப் போறேன்னு வந்து நின்னே, நான் எந்த மூஞ்சியோட வெளிய நடமாடுவேன்?"

"போகலைம்மா" என்றாள் குமுதவல்லி. சொல்லும்போதே கவலையில் நாலு முள் உதிர்ந்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு வரப்போகும் பெரிய கேள்வியை டீச்சர் முன்பே சொல்லிவிட்டார்: 'பெருங்குட்டைப் போரின் காரணங்களை ஆராய்க.' இருபது மார்க். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் யானைகளுக்கும் எருமைகளுக்கும் நடந்த போர் அது. நீர்ப்பங்கீட்டுச் சிக்கல், மேய்ச்சல் எல்லை, யானைகளின் விரிவாக்கக் கொள்கை என்று புத்தகத்தில் ஒன்பது காரணங்கள் இருந்தன. குமுதவல்லிக்கு மூன்றுக்கு மேல் தலையில் நிற்கவில்லை. நாலாவது நுழைந்தால் முதலாவது வெளியே போய்விடும்.

அவளுடன் படித்த தாமோதரன் என்ற குரங்கு அதற்கு ஒரு வழி சொன்னான். "இதுக்கா அழுவுற? அந்தப் போர்ல இருந்த யானை ஒருத்தர் இன்னும் உயிரோட இருக்காரு. பெத்தபெருமாள்னு பேரு, மூங்கில் காட்டுல வீடு. நேர்ல போய்க் கேளு. கதையாக் கேட்டா மறக்காது."

சனிக்கிழமை காலை குமுதவல்லி செல்போனும் நோட்டுமாகக் கிளம்பினாள். பெத்தபெருமாள் மூங்கில் ஒடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, பெருங்குட்டைப் போரைப் பத்திக் கேக்க வந்தேன். நீங்கதான் முன்னணியில நின்னீங்களாம். பக்கம் நூத்தி நாப்பத்திரெண்டு."

யானை வெகுநேரம் யோசித்தார். "போரா? ஓ, அதுவா! வழுக்கி விழுந்துட்டேன் தாயி."

"என்னங்கய்யா?"

"கரையெல்லாம் சேறு. காலு வழுக்கிருச்சு. பின்னாடி வந்த மச்சினன் எம்மேல விழுந்தான். அவன் மேல அவன் பொண்டாட்டி விழுந்தா. அந்தச் சத்தத்துல எருமையெல்லாம் தெறிச்சு ஓடிருச்சு. அம்புட்டுத்தான்."

"அப்ப புத்தகத்துல வர்ற சமாதான உடன்படிக்கை? மூணு ஷரத்து இருக்கே?"

"மொக்கராசுன்னு ஒரு எருமை திரும்பி வந்து, 'அடி பட்டுருச்சாண்ணே?'ன்னு கேட்டான். 'இல்லப்பா'ன்னேன். 'சரி'ன்னுட்டுப் போயிட்டான். மூணுதான், கணக்குச் சரியா இருக்கு."

குமுதவல்லிக்குத் தலையிலிருந்து ஒரு பாறையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. முதல் தடவையாக ஒரு வரலாறு அவளுக்கு மறக்காமல் நின்றது. தேர்வில் யானை சொன்னதைச் சொன்னபடி இரண்டு பக்கம் எழுதினாள்.

தாள் திரும்பி வந்தது. இரண்டு மார்க். அதுவும் கையெழுத்துக்கு.

"டீச்சர், அவரு பேசினதைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன்."

"குரல் பதிவு பாடத்திட்டத்தில் இல்லை."

"ஆளையே கூட்டிட்டு வரட்டுமா?"

"பார்வையாளர் படிவம் மூன்று பிரதி. தலைமையாசிரியர் கையெழுத்தோடு."

அதையும் செய்தாள். படிவத்துக்கு வரிசையில் நிற்கவே இரண்டு நாள் ஆனது. வகுப்பறைக்குள் நுழைய முடியாததால் பெத்தபெருமாள் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினார். சுலோச்சனா டீச்சர் மேசைமேல் ஏறி நின்றார்.

"போரின் காரணங்களைச் சொல்லுங்கள்."

"வழுக்கி..."

"ஒன்பது காரணங்கள்."

"ஒண்ணுதாம்மா. சேறு."

டீச்சர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பார்த்தீர்களா? இவர் போரில் இருந்திருக்கிறார், ஆனால் பாடத்தைப் படிக்கவில்லை. நீங்களும் இப்படி ஆகிவிடக் கூடாது."

வகுப்பு முழுவதும் யானையைப் பாவமாகப் பார்த்தது.

குமுதவல்லி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மூங்கில் காட்டை நெருங்கியதும், "என்னைப் பத்தி எனக்கே தெரியலைன்னுட்டாங்களே அந்தம்மா. அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் வாசி தாயி, கேப்போம்" என்றார்.

அன்று முதல் தினமும் பள்ளி விட்டதும் குமுதவல்லி அவருக்கு வாசித்துக் காட்டினாள். ஒன்பது காரணங்களையும் அவருக்குத் திரும்பத் திரும்ப விளக்கியதில் அவளுக்கே பாடமாகிவிட்டது. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'யானைப் படையின் அஞ்சா நெஞ்சத் தளபதி பெத்தபெருமாள்' என்று ஒரு வரி இருந்தது. அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். வீட்டம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

பத்து நாளில் அவர் நிற்கிற தோரணையே மாறிவிட்டது.

"வழுக்கி விழுந்தேன்னா சொன்னேன்? தந்திரமாப் படுத்தேன் தாயி. உள்ளபடியே சொல்றேன், ஒன்பது காரணமும் அப்புறம்தான். அந்த மொக்கராசு எங்க குலத்தையே கேவலமாப் பேசிட்டான். அதுதான் மூலக் காரணம்."

குமுதவல்லி பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, அவருதானே 'அடி பட்டுருச்சாண்ணே'ன்னு கேட்டாரு?"

"அவனேதான். ஒரு தளபதியைப் பாத்து அப்படிக் கேக்கணும்னா எம்புட்டுக் கொழுப்பு இருக்கணும்! பத்தாவது காரணம்னு போட்டுக்கோ. நான் எழுதியே தர்றேன்."

ஒரு பெரிய இலையில் அவளையே எழுதவைத்துக் கால்தடமும் பதித்துக் கொடுத்தார். அது பொய் என்று குமுதவல்லிக்குத் தெரியும். ஆனால் முழுஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தபோது அவளுக்குத் தையல் பிரிவும் அம்மாவின் முகமும் மாறி மாறித் தெரிந்தன. பத்தையும் எழுதினாள். இலையையும் சேர்த்துக் கட்டினாள்.

தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை. இருபதுக்கு இருபது. "இதுதான் ஆராய்ச்சி" என்றார் சுலோச்சனா டீச்சர். அவர் குரல் தழுதழுத்ததை அன்றுதான் வகுப்பு கேட்டது. ஜூன் மாதம் வந்த புதிய புத்தகத்தில் பத்தாவது காரணம் மொக்கராசு பெயரோடு அச்சாகியிருந்தது.

அதை எருமைத் தொழுவத்தில் யாரோ சத்தமாகப் படித்தார்கள். மொக்கராசு அசைபோடுவதை நிறுத்தினார்.

"நானா? கேவலமாப் பேசினேனா? மனுசனுக்கு அடி பட்டுச்சோன்னு பதறிப் போய்க் கேட்டேன்யா!"

நியாயம் கேட்கப் பெருங்குட்டைக்குப் போனார். துணைக்கு நாற்பது எருமைகள் போயின. அங்கே குளித்துக்கொண்டிருந்த பெத்தபெருமாளோடு பதினேழு யானைகள் இருந்தன. முதலில் புத்தகத்தைப் பிரித்து வரி வரியாகத்தான் பேசினார்கள். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் வந்ததும் முட்டிக்கொண்டார்கள். உச்சிவெயில் ஏறுவதற்குள் பதினொரு கொம்பும் இரண்டு தந்தமும் முறிந்தன. ஒரு பக்கக் கரை இடிந்து குட்டைத் தண்ணீர் முழுக்க வடிந்துபோனது.

சுலோச்சனா டீச்சர் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். "புத்தகத்தில் தப்பே இல்லை. வருடத்தை மட்டும் திருத்தினால் போதும்."

குமுதவல்லி பச்சிலை அரைத்து எடுத்துக்கொண்டு பெத்தபெருமாளைப் பார்க்கப் போனாள். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. முறிந்த தந்தத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாம் என்னாலதாங்கய்யா. பத்தாவது காரணம் பொய்யின்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லாத தாயி" என்றார் அவர், வலியில் முனகிக்கொண்டே. "சான்று கேப்பாங்க."

பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் புதிய பாடத்திலிருந்து கேள்வி வந்தது: 'இரண்டாம் பெருங்குட்டைப் போரின் காரணங்களை ஆராய்க.' இருபது மார்க். இந்தப் போருக்கு ஒரே ஒரு காரணம்தான் என்பதும், அது யார் கையெழுத்தில் இருந்தது என்பதும் குமுதவல்லிக்குத் தெரியும். ஆனாலும் 'ஒன்று: நீர்ப்பங்கீட்டுச் சிக்கல்' என்று ஆரம்பித்து, மணி அடிப்பதற்குள் பன்னிரண்டு காரணங்கள் எழுதிவிட்டு, கூடுதல் தாள் கேட்டாள்.

நீதி: நடந்ததை எழுதுகிறவருக்கு இரண்டு மார்க். எழுதியதை நடக்கவைக்கிறவருக்குக் கல்லூரியில் இடம்.